மணிக்கு ஒரு சென்டிமீட்டர்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் நடுவில் கட்டம் போட்ட ஒரு தாள் வரும். பார்ட்டோகிராஃப் என்பார்கள். மேலே குழந்தையின் இதயத் துடிப்பைக் குறிக்க வரிசையாகக் கட்டங்கள். அதன் கீழ், பனிக்குடம் உடைந்ததா, நீர் தெளிவாக இருக்கிறதா, குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பச்சையாகிவிட்டதா என்பதை ஒற்றை எழுத்தில் குறிக்க ஒரு வரிசை. நடுவே பெரிய கட்டம்: இடப்பக்கம் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது என்ற கணக்கு, பத்து வரை, அடியில் மணிக் கணக்கு. ஒவ்வொரு முறை பரிசோதித்த பின்னும் நர்ஸ் அதில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு வட்டம். அதற்கும் கீழே, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வந்தது என்பதற்கு ஐந்து சின்னக் கட்டங்கள். இருபது வினாடிக்குள் அடங்கிவிட்ட வலி என்றால் கட்டத்துக்குள் புள்ளி வைக்க வேண்டும். இருபதிலிருந்து நாற்பது வினாடி என்றால் சாய்கோடு. நாற்பதைத் தாண்டினால் கட்டம் முழுக்க மை.

அந்தப் பெரிய கட்டத்தின் குறுக்கே, கீழிருந்து மேலாக ஏறும் இரண்டு கோடுகள் அச்சிலேயே வந்துவிடுகின்றன. முதலாவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு வலப்பக்கம் சரியாக நான்கு மணி நேரம் தள்ளி, நடவடிக்கைக் கோடு. பெருக்கல் குறிகள் முதல் கோட்டுக்கு இடப்புறமே ஏறிப் போனால் கவலையில்லை. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இரண்டாவதையும் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். முதல் கோட்டின் சாய்வு மணிக்கு ஒரு சென்டிமீட்டர். எத்தனையோ தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பாற்றிய கோடு இது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத எத்தனையோ பெண்களை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்பியதிலும் இதற்குப் பங்கு உண்டு. இரண்டும் ஒரே கோட்டால் எப்படி நடந்தன என்பது, அது எங்கே பிறந்து எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் நியூயார்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஸ்லோன் பெண்கள் மருத்துவமனை. 1950களின் முற்பாதியில் இரண்டு புகழ்பெற்ற அளவைகள் அங்கே அடுத்தடுத்துப் பிறந்தன. பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே மதிப்பெண் போடும் முறையை மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1953இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, அங்கே பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், தலைப்பிரசவத்துக்கு வந்த நூறு பெண்களின் கர்ப்பப்பை வாய் நேரம் போகப் போக எப்படி விரிகிறது என்று வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் காட்டினார். 1955இல் அதையே ஐந்நூறு பேருக்குச் செய்தார். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைவு வந்தது. முதலில் வெகுநேரம் தரையோடு தரையாக ஊர்ந்து, பிறகு சட்டென்று செங்குத்தாக ஏறி, கடைசியில் கொஞ்சம் தயங்கி நிற்கும் வளைவு.

அதுவரை பிரசவம் நீள்கிறதா என்பதைத் தீர்மானிக்க மருத்துவர்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான்: வலி கண்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று? வலி எப்போது தொடங்கியது என்பதே பல சமயம் தகராறு. நம் வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், நிஜ வலி என்றால் கூடும் என்பது பாட்டிமார் கணக்கு. ஃப்ரீட்மன் அந்தக் குழப்பத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். அவருடைய உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த ஐந்நூறு பேர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்கால அமெரிக்க வழக்கப்படி அவர்களில் பெரும்பாலோர் மயக்க மருந்தின் அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். சிசேரியனோ நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இல்லை. அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், அந்த மருந்துகளின் நடுவே நடந்த பிரசவங்களின் வளைவு அது.

ஃப்ரீட்மன் இன்னொன்றும் செய்தார். வளைவு வேகமாக ஏறும் கட்டத்தில் எல்லோரையும் விட மெதுவாகப் போன நூற்றுக்கு ஐந்து பேரைப் பிரித்து, அவர்களுடைய வேகத்தை எல்லையாக வைத்தார். மணிக்கு 1.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது இயல்பு இல்லை. புள்ளியியலில் இப்படி எல்லை போடுவது வழக்கம்தான். ஆனால் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நூறு பெண்களும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து, நூறு குழந்தைகளும் நன்றாகப் பிறந்தாலும், அந்த நூறில் மெதுவான ஐந்து பேர் இருந்தே தீருவார்கள். அரிதாக நடப்பது என்றாலே ஆபத்தானது என்று ஆகிவிடாது. பிரசவ மருத்துவத்தில் இந்த இரண்டும் அப்போது ஒட்டிக்கொண்டன. இன்றுவரை முழுதாகப் பிரியவில்லை.

வளைவு கோடாக மாறியது ஆப்பிரிக்காவில்.

இன்று ஜிம்பாப்வே, அன்று ரொடீஷியா. வெள்ளைச் சிறுபான்மை அரசு 1965இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட நாடு. தலைநகர் சாலிஸ்பரியில் கறுப்பின மக்களுக்கான பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார் ஆர். எச். ஃபில்பாட். சுற்றியிருந்த சிறு பிரசவ நிலையங்களை நடத்தியவர்கள் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் மிகக் குறைவு; அறுவை சிகிச்சை என்றால் நகரத்துக்குத்தான் வர வேண்டும்.

அங்கே கண்ணெதிரே இருந்த ஆபத்து எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்க முடியாது. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்கிறது. வலி வந்துகொண்டே இருக்கிறது, தலை நகரவில்லை. எலும்புக்கும் தலைக்கும் நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இப்படியே போனால் குழந்தை இறந்துவிடும். கர்ப்பப்பை கிழியலாம், கிழிந்தால் தாயும் பிழைப்பது கடினம். பிழைத்தாலும், நசுங்கி இறந்த சதை சில நாளில் உதிர்ந்து, மூத்திரப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழும். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும். கணவன் விலக்கிவைப்பான், ஊர் ஒதுக்கிவைக்கும். இருபது வயதில் தொடங்கி ஆயுள் முழுக்க. இதைத் தடுக்கத்தான் ஃபில்பாட் வழி தேடினார்.

மருத்துவச்சியின் கேள்வி எளிமையானது. இந்தப் பெண்ணை நகரத்துக்கு அனுப்பட்டுமா, இங்கேயே பார்த்துக்கொள்ளட்டுமா? எல்லோரையும் அனுப்பினால் பெரிய மருத்துவமனை தாங்காது. கடைசி நேரத்தில் அனுப்பினால் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஃபில்பாட்டும் அவரோடு பணியாற்றிய டபிள்யூ. எம். காஸிலும் தலைப்பிரசவத்துக்கு வந்த 624 பெண்களின் பதிவுகளை எடுத்து, அவர்களில் மிக மெதுவாக முன்னேறிய பத்தில் ஒரு பங்கினரின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டு, அதை நேர்கோடாக்கினார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர். 1972இல் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். சிறு நிலையத்தில் இருக்கும் பெண்ணின் குறிகள் இந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் இரண்டாவது கோடு. அதற்குள் அவள் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடலாம். வந்த பின்பும் குறிகள் அந்தக் கோட்டைத் தாண்டினால் மருத்துவர் தலையிட வேண்டும்: வலியைக் கூட்ட மருந்து, அதிலும் முன்னேற்றம் இல்லையென்றால் அறுவை.

அந்த நான்கு மணி நேரம் கர்ப்பப்பை சொன்ன எண் இல்லை. சாலை சொன்ன எண். என் மனதை மிகவும் தொட்ட விஷயம் இது. ஒரு பெண்ணின் உடம்பும், அவளுக்கும் உதவிக்கும் இடையே கிடக்கும் தூரமும் ஒரே தாளில் பதிவாகியிருந்தன. வண்டி கிடைக்காத ஊரில், இரவில், தனியாக முடிவெடுக்க வேண்டிய மருத்துவச்சியின் கையில் கொடுத்த அதிகாரம் அந்தக் கோடு. டாக்டரைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம். கோடு தாண்டிவிட்டது, அனுப்புகிறேன் என்று அவர் துணிந்து சொல்லலாம்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. டப்ளின் நகரின் தேசிய மகப்பேறு மருத்துவமனையில் கீரன் ஓ'ட்ரிஸ்கல் என்ற மருத்துவர் 1969இல், தலைப்பிரசவம் நீளவிடாமல் தடுக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். வலி உறுதியான பிறகு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியவில்லையா? பனிக்குடத்தை உடைத்துவிடுவார்கள். அப்போதும் நகரவில்லையா? ட்ரிப்ஸில் வலி கூட்டும் ஆக்ஸிடாசின். 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டியதும், 1955இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்ததுமான அதே மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வலியில் இருக்க மாட்டார்கள் என்று பெண்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். கூடவே இன்னொரு வாக்கும் இருந்தது: வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை உன் பக்கத்தில் உனக்கென்று ஒரு நர்ஸ் இருப்பார்.

டப்ளின் முறையை உலகம் ஆவலோடு நகலெடுத்தது. ஊசியும் ட்ரிப்ஸும் கப்பலேறின. பக்கத்தில் இருக்கும் நர்ஸ் ஏறவில்லை. 1995இல் பாஸ்டனில் ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்களிடம் இந்த முறையைச் சோதித்தபோது சிசேரியன் குறையவில்லை. மறுபக்கம், பிரசவம் முழுக்கப் பக்கத்திலேயே ஒருவர் துணை இருந்தால் என்ன ஆகும் என்று 17 நாடுகளில், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த சோதனைகளை 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறைந்தது. டப்ளின் முறையில் மருந்தைவிடப் பயன் தந்தது எதுவோ, அதைத்தான் வழியில் தவறவிட்டிருக்கிறார்கள் என்றே இதைப் படித்தால் எனக்குத் தோன்றுகிறது.

கோடு உலகத்தின் சொத்தானது 1987க்குப் பிறகு. அந்த ஆண்டு நைரோபியில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாடு, ஏழை நாடுகளில் பிள்ளை பெறும்போது பெண்கள் சாவதை உலகத்தின் கவலையாக்கியது. உலக சுகாதார நிறுவனம் ஃபில்பாட்டின் தாளை எடுத்துச் செப்பனிட்டு எல்லா நாடுகளுக்கும் ஏற்றதாக்க முனைந்தது. பிறகு இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் 35,484 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலி கூட்டும் மருந்து கொடுப்பது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆக, பாதிக்கும் கீழே போனது. அவசர சிசேரியன் 9.9இலிருந்து 8.3. பிரசவத்துக்குப் பின் வரும் சீழ்த் தொற்று பாதிக்கு மேல் குறைந்தது. குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் குறைந்தது.

கவனிக்க வேண்டியது, கோடு வந்த பிறகு ஊசி குறைந்திருக்கிறது. கோட்டைத் தாண்டாதவரை தொடாதே, பொறு என்றும் அது சொல்லியிருக்கிறது. அந்த ஆய்வில் தாள் மட்டும் போகவில்லை. பயிற்சி போனது, எப்போது எதைச் செய்வது என்ற தெளிவான நெறிமுறை போனது, தாளை ஒழுங்காக நிரப்பிப் பார்க்கும் கண்கள் போயின.

அதன் பிறகு தாள் ஊர் ஊராகப் போனது. 2000இல் அதை எளிமையாக்கினார்கள். ஆரம்பத்தில் மெதுவாக ஊரும் கட்டத்தை நீக்கிவிட்டு, நான்கு சென்டிமீட்டரிலிருந்தே கோடு தொடங்கட்டும் என்றார்கள். நர்ஸுக்கு வேலை குறைந்தது. ஆனால் நான்கு சென்டிமீட்டரில் வந்து சேர்ந்த பெண்ணுக்கு அந்த நிமிடமே கடிகாரம் ஓடத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் தாளுக்கு நேர்ந்தது தனிக் கதை. பிரசவ மரணத்தைக் குறைப்பதில் இந்த மாநிலம் செய்தது சாதாரணச் சாதனை இல்லை. 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் ஸ்டாஃப் நர்ஸ், எந்நேரமும் சிசேரியன் செய்யத் தயாரான அவசர மகப்பேறு மையங்கள், 108 ஆம்புலன்ஸ், ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரிக்கும் பழக்கம் என்று பலவும் சேர்ந்து அதைச் சாதித்தன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஃபில்பாட் பயந்த அந்தத் தூரத்தை இங்கே பெருமளவு கடந்துவிட்டோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. ஒரு நாட்டில் சிசேரியன் பத்து சதவீதத்தைத் தாண்டிய பிறகு அது மேலும் கூடுவதால் தாய், சேய் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லிவிட்டது. இந்த உயர்வுக்கு எச்சரிக்கைக் கோட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கட்டணம் இருக்கிறது, வழக்குப் பயம் இருக்கிறது, நாள் நட்சத்திரம் பார்ப்பது இருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பில் சின்ன ஏற்ற இறக்கம் தெரிந்தாலே பதறும் பழக்கம் இருக்கிறது, முதல் பிரசவம் ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்ற முடிவு இருக்கிறது. ஆனால் அந்த முதல் ஆபரேஷனுக்குச் சொல்லப்படும் காரணங்களில் 'முன்னேற்றம் இல்லை' என்பது முன்வரிசையில் நிற்கிறது. முன்னேற்றம் என்பதை அளக்கும் கோல் இந்தக் கோடுதான்.

சாலிஸ்பரியில் எச்சரிக்கைக் கோடு 'வண்டியைக் கூப்பிடு' என்றது. ஆபரேஷன் தியேட்டர் அடுத்த அறையிலேயே இருக்கும் இடத்தில் அதே கோடு என்ன சொல்லும்? அனுப்ப வேண்டிய ஊர் இல்லை. பயணத்துக்கு ஒதுக்கிய நேரமும் வேண்டாம். ஆக, கோட்டின் முழுப் பாரமும் பெண்ணின் உடம்பின் மேல் விழுகிறது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமியார் போனில் சொல்கிறார்: "அஞ்சு சென்டிமீட்டர்லயே நிக்குதாம், வாய் திறக்க மாட்டேங்குதாம்." பல ஆண்டு கழித்தும் அந்தப் பெண்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்: "எனக்கு வாய் திறக்கலைங்க, அதான் ஆபரேஷன் பண்ணிட்டாங்க." தன் உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று ஒரு பெண் ஆயுளுக்கும் நம்புகிறாள். இன்னும் நான்கு மணி நேரம் காத்திருந்தால் திறந்திருக்குமோ என்று அவளிடம் யாரும் பேசுவதில்லை. வயிற்றில் தழும்போடு அடுத்த பிரசவத்துக்கு வரும்போது நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும், தழும்பு பிரியும் ஆபத்தும் அவளுக்கு நிஜமாகவே கூடியிருக்கும்.

கோடு வரும்போது இங்கே வெறும் இடமும் இல்லை. 1990களில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஏழைப் பெண்களின் பிரசவங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வெளிவந்த தம் நூலில் ஒன்றைப் பதிவு செய்கிறார். வலி கூடினால் பெண்ணின் சக்தி கூடும் என்று அந்தப் பெண்கள் கருதினார்கள். வலி கூட்டும் ஊசியைப் பலர் தாங்களே கேட்டு வாங்கினார்கள். 'சீக்கிரம் முடியட்டும்' என்ற மருத்துவமனையின் அவசரமும் 'வலி நன்றாக வரட்டும்' என்ற வீட்டின் விருப்பமும் ட்ரிப்ஸ் பாட்டிலில் சந்தித்துக்கொண்டன. மேலிருந்து திணித்தார்கள், கீழே ஏற்றுக்கொண்டார்கள் என்று இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது.

நர்ஸின் பக்கமும் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை இதயத் துடிப்பு கேட்க வேண்டும், பத்து நிமிடம் வயிற்றில் கை வைத்து வலியை எண்ண வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்பரிசோதனை. ஒரு நர்ஸுக்கு ஒரு தாய் என்றால் இது இயலும். இரவு டூட்டியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் வலியில் இருந்தால் தாள் காத்திருக்கும். குழந்தை பிறந்து, நஞ்சு வெளியே வந்து, தையல் போட்டு, ரத்தப்போக்கு அடங்கிய பிறகு உட்கார்ந்து நிரப்புவார்கள். இப்படிப் பின்னர் நிரப்பப்படும் தாள்கள் பல நாடுகளில் ஆய்வாகியிருக்கின்றன. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், தாளை அந்தந்த நேரத்திலேயே நிரப்ப வேண்டும் என்று தணிக்கை வைத்தது. ஆள் இல்லாத இடத்தில் தணிக்கை வந்தால் தாள் அழகாகும். வலியில் இருப்பவளுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

இதற்கிடையில் கோட்டின் அடித்தளமே ஆட்டம் கண்டது. ஜுன் ஜாங் என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில் நல்லபடியாகப் பிள்ளை பெற்ற 62,415 பெண்களின் பதிவுகளை அலசி 2010இல் வெளியிட்டது. நான்கு சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஐந்திலிருந்து ஆறுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆறைத் தாண்டிய பிறகுதான் வேகம் பிடிக்கிறது. ஐந்து சென்டிமீட்டரில் 'நின்றுவிட்டது' என்று ஆபரேஷனுக்குப் போன பெண்களில் பலருக்குப் பிரசவம் அப்போதுதான் சூடுபிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று இதற்குப் பொருள். 2014இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்புகள் ஆறு சென்டிமீட்டரையே புதிய தொடக்கமாக ஏற்றன. ஃப்ரீட்மன் அதை ஒப்பவில்லை. அறுபது ஆண்டுக்கு முன் தான் வரைந்த வளைவுக்காக, முதிய வயதில் வேன் கோஹனோடு சேர்ந்து 2015இலும் மறுப்பு எழுதினார்.

கடைசி அடி விழுந்தது மறுபடியும் ஆப்பிரிக்காவிலிருந்து. நைஜீரியா, உகாண்டா நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 5,606 பெண்களைப் பின்தொடர்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2018இல் வெளியானது. அதை முன்னின்று எழுதியவர் ஒலுஃபெமி ஒலடாபோ, நைஜீரிய மருத்துவர். ஐந்து சென்டிமீட்டர் ஆகும்வரை, பாதிப் பெண்களுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தைகள் நன்றாகவே பிறந்தன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டபோது வெளிப்படையாகவே சொன்னது: மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை வைத்து யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்க முடியாது, அதை மட்டும் காரணமாக வைத்துத் தலையிடாதீர்கள். ஆப்பிரிக்கப் பெண்களின் உடம்பை அளந்து வரைந்த கோட்டை ஆப்பிரிக்கப் பெண்களின் உடம்பே திரும்பப் பெற்றுக்கொண்டது.

புதிய கோடு ஒன்றை வரைந்தால் போதுமா? நார்வேயில் 14 மருத்துவமனைகளைப் பிரித்து, சிலவற்றில் பழைய கோட்டையும் சிலவற்றில் ஜாங்கின் புதிய கணக்கையும் பின்பற்றச் செய்தார்கள். 2019இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் சிசேரியன் குறைந்திருந்தது, பெரிய வித்தியாசம் இல்லாமல். எந்தக் கோடு என்பதைவிட, ஒரு நெறியை வைத்துக்கொண்டு எல்லோரும் அக்கறையோடு கவனித்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். 1994இல் முடிவு வெளியான இந்தோனேசிய, மலேசிய, தாய்லாந்து ஆய்வில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

2020 டிசம்பரில் தாளின் அடுத்த பிறவி வெளியானது. பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி என்று பெயர். அதில் சாய்கோடுகள் இல்லை. ஐந்து சென்டிமீட்டரிலிருந்து பதிவு தொடங்குகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனி அவகாசம்: ஐந்தில் ஆறு மணி நேரம், ஆறில் ஐந்து, ஏழில் மூன்று, எட்டில் இரண்டரை, ஒன்பதில் இரண்டு. அதைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். கர்நாடகத்தில் நான்கு மருத்துவமனைகளில் இதைச் சோதித்த முடிவு 2024இல் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தானாக வலி கண்டு வந்த பெண்களிடையே சிசேரியன் ஏறத்தாழ 45 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கியிருந்தது. சோதனை சிறியது என்பதால் இது வழிகாட்டியின் விளைவுதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல் பிரசவத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் ஆபரேஷன் மேஜையில் என்பது இறங்கிய பிறகான எண் என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்கு இந்தத் தாளில் முக்கியமாகப் படுவது சென்டிமீட்டர் கணக்கு இல்லை. மேலே, இதயத் துடிப்புக்கும் முன்னால், புதிதாக நான்கு வரிகள் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் துணை இருக்கிறாரா? வலி குறைய ஏதாவது செய்தீர்களா? குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா? எப்படி இருக்கிறாள், நிற்கிறாளா, நடக்கிறாளா, மல்லாந்து படுத்திருக்கிறாளா? பழைய தாளில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'எச்சரிக்கை' என்று ஒரு பத்தி இருக்கிறது. எந்தப் பதில் வந்தால் நர்ஸ் வட்டமிட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதில் அச்சாகியிருக்கிறது. துணை இல்லை என்றால் எச்சரிக்கை. தண்ணீர் கொடுக்கவில்லை என்றால் எச்சரிக்கை. மல்லாந்து படுக்க வைத்திருந்தால் அதுவும் எச்சரிக்கை. குழந்தையின் துடிப்பு 110க்குக் கீழே போவதும் பெண் தனியாகக் கிடப்பதும் ஒரே தாளில், ஒரே பத்தியில் ஆபத்தாகக் குறிக்கப்படுகின்றன.

பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண் உள்ளே வரலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்போது புதிய விஷயமில்லை. ஆனால் நெரிசலான லேபர் வார்டில், மேஜைக்கு மேஜை திரை இல்லாத இடத்தில், அம்மாவோ அக்காவோ உள்ளே நிற்க முடிகிறதா என்பது கட்டடத்தையும் கட்டிலையும் பொறுத்தது. திரைக்குத் துணி வேண்டும், துணைக்கு ஒரு ஸ்டூல் வேண்டும், இரவு டூட்டிக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும். புதிய தாளின் அடியில் 'திட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப் போகிறோம் என்பதை அந்தப் பெண்ணோடு பேசி முடிவெடுத்து அதில் எழுத வேண்டும், எழுதியவர் தம் பெயரின் முதலெழுத்துகளையும் போட வேண்டும். 'துணை இல்லை' என்று ஒரு நர்ஸ் இரவு இரண்டு மணிக்கு வட்டமிட்டால், திட்டம் என்ற அந்தக் கட்டத்தில் அவரால் என்ன எழுத முடியும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வார்டில் இல்லை. சுகாதாரத் துறையின் பணியிடக் கணக்கிலும் நிதி ஒதுக்கீட்டிலும் இருக்கிறார்கள். எச்சரிக்கை இனி அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.